அத்தா வீட்டுப் போர்டுக்கு ஒரு ரெசிப்பி

1

ஜெர்மனியில் என் வீட்டு மேசையில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. தினமும் காலை பத்தரைக்கு அது பத்து விநாடி எரிந்து அணையும். ஊரில் அப்போது மதியம் இரண்டு மணி. கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தா, என் அப்பா, மதியத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்து, நான் எழுதி அனுப்பியதைப் படித்து, ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று பொருள்.

அத்தாவுக்குக் காது போய் மூன்று வருஷமாகிறது. போனில் பேச ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் பேசறது எனக்கே கேக்கல, உனக்கு எங்கடா கேக்கப் போவுது" என்பார். வாங்கிக் கொடுத்த காது மிஷின் அவர் மேசை இழுப்பறையில், போன வருஷத்துக் காலண்டரின் மேல் கிடக்கிறது. அதனால் நானே ஒன்றைச் செய்தேன். உள்ளங்கை அளவு போர்டு ஒன்று, டி.வி.க்குப் பின்னால் பொருத்தியது. இங்கே நான் தட்டச்சு செய்வது அங்கே திரையில் பெரிய பெரிய தமிழ் எழுத்துகளாக நிற்கும். அடுத்த செய்தி வரும்வரை அப்படியே நிற்கும். படித்ததும் அவர் அழுத்துவதற்கு ஒரு பொத்தான். அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான், 'பார்த்துட்டேன்'. நம் ஊர் கரண்ட்டைப் பற்றித் தெரியாதவனா நான்? மின்சாரமோ நெட்டோ இல்லாத நேரத்தில் அழுத்தினாலும் வீணாகாமல், போர்டு தன் சின்ன பேட்டரியில் அதை மணியோடு எழுதி வைத்துக்கொண்டு, நெட் வந்ததும் அனுப்பிவிடும்படி செய்திருந்தேன்.

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. போன மாதம் அந்த விளக்கு ஒன்பது நாள் எரியவில்லை.

2

என் பிழைப்பு என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்" என்றால் போதும், தலையாட்டிவிடுவார்கள். உண்மையில் நான் தொடுவது கம்ப்யூட்டர் போலவே இருக்காத கம்ப்யூட்டர்களை. லிஃப்டுக்குள், காப்பி மிஷினுக்குள், ரயில் கதவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன போர்டுகள். ஒவ்வொரு போர்டுக்கும் அதற்கென்று ஒரு மென்பொருள் மூட்டை கட்ட வேண்டும். அந்த மூட்டையை எப்படிக் கட்டுவது என்று எழுதிவைக்கும் குறிப்புக்கு எங்கள் தொழிலில் ரெசிப்பி என்றே பெயர். எதை எங்கிருந்து எடுப்பது, எதை முதலில் சேர்ப்பது, எதைச் சேர்க்கவே கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும்.

பொதுவான ரெசிப்பிகளை உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் கை வைக்கக் கூடாது. நம் போர்டுக்கு என்ன மாற்றமோ, அதைத் தனியாக ஒரு சின்னக் கோப்பில் எழுதி அதன்மேல் வைக்க வேண்டும். இந்த போர்டில் கேமரா இல்லையா, கேமரா சமாசாரத்தை எடுத்துவிடு. இந்த போர்டில் செருகுவது இன்ன வைஃபை குச்சிதானா, அதை ஓட்டும் டிரைவர் மென்பொருளை மட்டும் வை, மற்ற நூறையும் தூக்கு. இப்படித் தூக்கித் தூக்கி மூட்டையைச் சிறிதாக்குவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஆபீஸில் இந்த விஷயத்தில் என் பக்கத்தில் யாரும் வர முடியாது. இதைச் சொல்லிக்கொள்ள இங்கே ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

சோதனை போர்டுகளுக்குப் பெயர் வைக்கும் வேலையும் என்னுடையது. பத்து ஒயர் வந்து சேரும் போர்டுக்கு உளுந்தூர்பேட்டை. வெயிலில் வைத்துச் சோதிப்பதற்கு மணலூர்பேட்டை, அது எங்கள் அம்மா பிறந்த ஊர். அத்தா வீட்டில் இருப்பதைப் போலவே இன்னொன்றை வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன், அது வெள்ளிமலை. உடன் வேலை செய்யும் மார்ட்டின் "உளுந்தூர்பேட்டை விழுந்துவிட்டது" என்று ஜெர்மன் வாயால் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஏன் சிரிக்கிறேன் என்று விளக்கப் போனால் அரை மணி நேரமாகும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன்.

3

அம்மா போய் இரண்டாவது வருஷம். நினைவு நாளில் ஓதும் வருஷ பாத்திஹாவுக்கு வருகிறேன் என்று அத்தாவிடம் சொல்லியிருந்தேன். முதல் வருஷமும் அப்படித்தான் சொன்னேன், போகவில்லை.

இந்த முறை குறுக்கே வந்தது என் வசிப்பிட அட்டை. பழையது காலாவதி, புதியது அச்சாகவில்லை. இடையில் வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்கக் குடியேற்ற அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அங்கே என்னை யாரும் சலீம் என்று கூப்பிட மாட்டார்கள். நம் ஊர் இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று இவர்கள் கணக்கு வைத்துக்கொண்டதால், என் அட்டையில், சம்பளச் சீட்டில், வீட்டுக் கதவு மணியில் எல்லாம் அத்தாவின் பெயர்தான். "திரு யூசுப்" என்று கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் பெயரைக் கேட்டதும் அத்தா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். பிறகு நான் எழுந்து போகிறேன்.

உள்ளே இருந்த அம்மையாரிடம் அவசரத்தின் காரணத்தைச் சொன்னேன். அம்மாவின் நினைவு நாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பதற்றத்தில், அம்மாவின் பிறந்த நாள் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு முத்திரை குறைகிறது, மறுபடி விண்ணப்பித்தால் ஆறு வாரம், அதுவரை பயணத்துக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார். அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

அன்று மாலை மேசைக்கு வந்து தட்டினேன்: "இந்த வருஷமும் வர முடியாது அத்தா."

அனுப்பிய பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கை எதையாவது செய்யக் கேட்டது. அத்தா வீட்டு போர்டின் மூட்டை ரொம்பக் கனம், ஊர் நெட்டில் ஒவ்வொரு முறையும் இறங்க நேரமாகிறது என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரெசிப்பியைத் திறந்தேன். அதில் இருந்த கறுப்பு வைஃபை குச்சியை வாங்கி அனுப்பியவனே நான். அதன் டிரைவரை மட்டும் வைத்துவிட்டு மற்ற வைஃபை டிரைவர் எல்லாவற்றையும் எடுத்தேன். மூட்டை பாதியாக இளைத்தது. வெள்ளிமலையில் ஏற்றிப் பார்த்தேன், கச்சிதமாக ஓடியது. கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

4

மறுநாள் பத்தரைக்கு விளக்கு எரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளும் இல்லை. அத்தாவின் கோபம் எனக்குத் தெரியும். கத்த மாட்டார். சரக்கு சரியில்லை என்றால் மூட்டையைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கல்வராயன் மலையிலிருந்து வரும் புளியும் கடுக்காயும் சாமையும் வாங்கி விற்பதுதான் எங்கள் கடை. மூட்டையைத் தொடவில்லை என்றாலே மலைக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். என் செய்தியையும் அப்படித்தான் தொடாமல் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் வீம்பு வந்தது. நான் என்ன வேண்டுமென்றா வராமல் இருக்கிறேன்? அவர் அழுத்தட்டும், பிறகு எழுதுகிறேன் என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் பாத்திஹா. மனைவிக்கு அன்று வேலை. நானே நெய்ச்சோறு ஆக்கினேன், யாசீன் ஓதினேன். பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த மகள் ஹசீனா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்று என்ன நாள் என்று ஜெர்மனில் கேட்டாள். சொன்னேன். "ஓ" என்றாள். பாட்டியை அவள் பார்த்தது மூன்றே முறை, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த 'ஓ' எனக்கு ரொம்ப நேரம் வலித்தது. அம்மா பெயரைச் சொல்லிப் பேச அந்த வீட்டில், அந்த ஊரில், அந்த நாட்டிலேயே எனக்கு ஒருவரும் இல்லை. பேசக்கூடிய ஒருவர் என்னோடு கோபமாக இருந்தார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போர்டு நெட்டில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி தட்டினால் தெரிந்திருக்கும். வாடிக்கையாளரின் காப்பி மிஷின் ஐந்து நிமிஷம் பதில் சொல்லவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது என் வேலையை. அத்தா ஒன்பது நாள் பதில் சொல்லவில்லை, நான் சந்தேகப்பட்டது அத்தாவை. திட்டு வாங்க வேண்டியவன்தான் நான் என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்ததால், அவர் கோபமாக இருக்கிறார் என்று நம்புவது சுலபமாக இருந்தது.

5

ஒன்பதாம் நாள் பத்தரையும் தாண்டியது. பொறுக்க முடியாமல் செல்வியை அழைத்தேன். செல்விக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமம். வாரத்தில் இரண்டு நாள் மலை பஸ்ஸில் சரக்கோடு இறங்குகிறவர், பதினைந்து வருஷமாக எங்கள் கடையோடு கொடுக்கல் வாங்கல். அன்று அவர் வரும் நாள்.

"பாய் நல்லாத்தான் கீறாருண்ணா. இப்பதான் சோறு துன்னுட்டு டி.வி. பாத்துகினு உக்காந்துகினு கீறாரு."

"எம்மேல கோவமா இருக்காராம்மா?"

"கோவமா? இன்னாண்ணா நீங்க. இருங்க, வீடியோல காட்டறேன்."

படம் ஆடி ஆடி நின்றது. எனக்கு இடம் பிடிபடவில்லை. டி.வி. எங்கள் வீட்டு மாடி ஹாலில் அல்லவா இருக்கும்? இங்கே பின்னால் புளி மூட்டை அடுக்கியிருந்தது. அது வீட்டுக்குக் கீழே, எங்கள் கடைக்குப் பின்னாலிருக்கும் சரக்கு அறை. மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், அதன்மேல் அத்தாவின் போர்வை, கட்டில் காலில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். எதிரே டி.வி. அதில், மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அத்தாவின் தலைக்கு மேலே, ஒன்பது நாளாக நின்றுகொண்டிருந்தது என் எழுத்து.

இந்த வருஷமும் வர முடியாது அத்தா.

"டி.வி. ஏன் கீழ இருக்கு?" என்றேன்.

செல்வி போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். "மாடிப்படில வழுக்கி உழுந்துட்டாருண்ணா. ரெண்டு மாசம் ஆவுது. இடுப்புல அடி. டாக்டரு படி ஏறக் கூடாதுன்ட்டாரு. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிக்கினாரு. அதான் எல்லாத்தையும் கீழ தூக்கியாந்துட்டோம்."

"டி.வி.க்குப் பின்னாடி ஒரு சின்ன பெட்டி இருக்கும், அதைக் காட்டுங்க."

காட்டினார். நான் வாங்கி அனுப்பிய கறுப்புக் குச்சி அதில் இல்லை. வெள்ளையாக, ஆன்டெனாக் கொம்பு வைத்த ஒன்று செருகியிருந்தது.

"அதுவாண்ணா? நெட்டு மிஷினு மேலயே கீது. கீழ எட்டல. பஸ் ஸ்டாண்டாண்ட மொபைல் கடையில இத்த வாங்கியாந்து சொருவனோம். சொருவன ஒடனே ஓடிச்சி. இப்பதான் கொஞ்ச நாளா இன்னாவோ அப்படியே நிக்குது. நீங்க பிசியா இருப்பீங்க, எழுதலைன்னு பாய் சொன்னாரு."

ஓடியிருக்கும். அப்போது என் மூட்டையில் எல்லா டிரைவரும் இருந்தன. இரண்டு மாதம் அந்த வெள்ளைக் குச்சி வழியாகத்தான் தினமும் எனக்கு விளக்கு எரிந்திருக்கிறது. மாடியில் நல்லபடியாக நடமாடுகிற அத்தாவுக்கு என்று ரெசிப்பி எழுதி, கீழே விழுந்து கிடந்த அத்தாவின் வாயை நானே அடைத்திருக்கிறேன்.

ஆபீஸில் நாங்கள் செய்யும் எந்த போர்டிலும் ஒரு காவல் உண்டு. புது மூட்டை ஏறியதும் நெட் வரவில்லையென்றால், தானாகப் பழைய மூட்டைக்குத் திரும்பிவிடும். காப்பி மிஷினுக்குக்கூட அதை வைத்திருக்கிறேன். அத்தா வீட்டு போர்டுக்கு வைக்கவில்லை. நம் வீடுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

6

குச்சியே வேண்டாம், மாடியிலிருக்கும் நெட் பெட்டியிலிருந்து ஒரு நீள ஒயரை நேராக இழுத்து போர்டில் செருகினால் போதும் என்று செல்வியிடம் சொன்னேன். ஒயர் டிரைவரை மட்டும் என்னவோ புத்தி வந்து எடுக்காமல் விட்டிருந்தேன். "இவ்ளோதானா?" என்று போனை அறையைப் பார்த்தபடி கல்லாவில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்து எலக்ட்ரிக் கடைக்குப் போய் ஒயர் வாங்கி வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடி ஏறினார். அத்தா ஒன்றும் புரியாமல் போனையும் படியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்து கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். இளைத்திருந்தார்.

"சொருவிட்டேண்ணா" என்று செல்வியின் குரல் வந்தது.

என் மேசையில் விளக்கு எரிந்தது. பத்து விநாடி, பிறகு அணைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். மறுபடி எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன், தொழில் புத்தி. பிறகுதான் ஞாபகம் வந்தது. நெட் இல்லாதபோது அழுத்தியதையெல்லாம் சேர்த்து வைத்து அனுப்பும்படி நான்தானே செய்தேன்.

மணி விவரம் என் கணினித் திரையில் வரிசையாக இறங்கியது. முதல் நாள், மதியம் இரண்டு. இரண்டாம் நாள், இரண்டு ஐந்து. மூன்று, நான்கு, ஒரு நாள் விடவில்லை. வர முடியாது என்ற அதே ஒரு வரியைத் தினமும் சாப்பிட்டுவிட்டு வந்து படித்து, பார்த்துட்டேன், பார்த்துட்டேன் என்று அழுத்தியிருக்கிறார். ஐந்தாம் நாளுக்கு மட்டும் பன்னிரண்டு வரி இருந்தது. காலையிலிருந்து மாலைத் தொழுகையான அஸர் வரை. அம்மாவின் நாள். அவருக்கும் அன்று பேச யாரும் இல்லை.

விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்து ஹசீனா அறைக்குள் வந்தாள். காதில் இருந்ததைக் கழற்றினாள். "தாதாவா?" என்றாள், தன் தாத்தாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆமாம் என்றேன். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பார்த்துவிட்டேன் என்கிறார் என்றேன். "எதை?" என்றாள். நான் அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜெர்மனில் எண்ண ஆரம்பித்தாள். மொத்தம் இருபது. நாலைந்து நிமிஷம் ஆயிற்று. இடையில் ஆபீஸிலிருந்து வந்த அழைப்பை நான் எடுக்கவில்லை.

முடிந்ததும் அத்தாவுக்குத் தட்டினேன்: "கோளாறு என்னோடது அத்தா. நீங்க அழுத்தினது எல்லாம் இப்பதான் வந்துச்சு. விழுந்ததை ஏன் சொல்லல?"

கல்லாவில் சாய்த்திருந்த போன் வழியாக அவர் முதுகு தெரிந்தது. டி.வி.யில் பழைய வரி மறைந்து புதியது வந்ததும் நிமிர்ந்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, படியண்டை போய் நின்று மேலே பார்த்தார். மாடியில் இருப்பது அவர் இனி போகாத ஹாலும், நான் போனால் படுக்கும் அறையும்தான். காது கேட்காதவர்களின் உரத்த குரலில் செல்வியைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, ஒயர இப்படி படில குறுக்க போட்டு வச்சிக்கிற? அவன் வந்தா ராத்திரில ஏறும்போது தடுக்கி வுழுவான். செவத்தோரமா ஆணி அடிச்சிக் கட்டு."

செல்வி சுத்தியல் தேடப் போனார். அத்தா திரும்பி வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். இங்கே விளக்கு எரிந்தது.